வீட்டுக்குள் விஞ்ஞானம்: வேகாத பருப்பும் உரிந்து வரும் தோலும்

புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்சுகிறோம். ஆனால் அடுப்படிக்கு உண்மையான பரீட்சை மறுநாள் சாம்பார் வைக்கும்போதுதான். நாங்கள் குடிபோன வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதே துவரம்பருப்பு, அதே குக்கர், அதே நாலு விசில். மூடியைத் திறந்தால் பருப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக முழித்துக்கொண்டு நிற்கிறது! மாமியார் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பருப்பை ஊறப் போடலியா?"

"போட்டேன் அத்தை. தண்ணிதான் உப்பு."

"அப்ப ஒரு சிட்டிகை சோடா உப்பு போடு. எங்க ஊர்க் கிணத்துத் தண்ணிக்கு நாங்க அதான் பண்ணுவோம்."

போட்டேன். வெந்தது. ஆனால் ஏன் வெந்தது என்று எனக்குள் ஒரு குடைச்சல். அதைத் தேடிப் போனதில், பருப்பில் ஆரம்பித்த விஷயம் குழந்தையின் தொப்புள் கொடி, அக்கிக் கொப்புளமோ என்று நாம் பயப்படும் தோல் நோய், மார்பகப் புற்றுநோய் வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லாம் ஒரே கேள்விதான். ஒரு செல் பக்கத்துச் செல்லோடு எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது, எப்போது விட்டுவிடுகிறது?

முதலில் பருப்பு. பருப்பு என்பது லட்சக்கணக்கான செல்கள் சேர்ந்த ஒரு கட்டு. பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவில் பெக்டின் என்ற பசை இருக்கிறது. ஜாம் இறுகுவதும் இதே பெக்டினால்தான். பருப்பு 'வேகிறது' என்றால் இந்தப் பசை சூட்டில் கரைந்து செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன என்று அர்த்தம். மத்தால் ஒரு கடை கடைந்ததும் மசிவது அதனால்தான். உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் அதிகம். கால்சியம் பெக்டின் இழைகளுக்கு நடுவே புகுந்து இரண்டையும் கட்டிப்போடுகிறது. அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் பசை சுலபத்தில் கரையாது. ஆக்ரா பேட்டா செய்கிறவர்கள் பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள், பாகில் கொதிக்கும்போது துண்டு குழைந்துவிடக் கூடாது என்பதற்காக. அவர்கள் வேண்டுமென்று செய்வதை நம் வீட்டுக் குழாய் கேட்காமலே செய்கிறது, அவ்வளவுதான்! புளியை முதலிலேயே ஊற்றிவிட்டால் பருப்பு வேகாது என்பதும் இதே கதை. புளிப்பில் பெக்டின் கரைய மறுக்கும். சோடா உப்பில் சீக்கிரம் கரையும்.

நம் உடம்பிலும் செல்களைச் சேர்த்துப் பிடிப்பதில் கால்சியத்துக்குப் பங்கு உண்டு என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆனால் பருப்புக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. செடியின் செல் செங்கல் மாதிரி. சுவர் எழுப்பிப் பசை பூசியாயிற்று என்றால் இருந்த இடத்தில்தான் இருக்கும். நம் செல் அப்படியில்லை. பிடிக்கவும் வேண்டும், வேண்டியபோது விட்டு நகரவும் வேண்டும்.

இதை முதலில் கண்ணால் காட்டியவர் எச்.வி. வில்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1907ல் அவர் ஒரு சிவப்புக் கடற்பஞ்சை எடுத்து, மாவு சலிக்கிற மெல்லிய பட்டுத் துணியில் வைத்து, கடல் தண்ணீருக்குள் பிழிந்தார். நாம் மருந்துப் பொடியை வஸ்திரகாயம் செய்வோமே, அதுபோல. துணி வழியாக வந்தவை தனித்தனிச் செல்கள். பிராணி செத்துப்போயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தச் செல்களோ அடியில் போய் உட்கார்ந்து, மெல்ல நகர்ந்து, ஒன்றையொன்று தொட்டு, ஒட்டி, சிறு சிறு உருண்டையாகி, நாளடைவில் மறுபடியும் கடற்பஞ்சாகவே வளர்ந்துவிட்டன! இரண்டு நிறக் கடற்பஞ்சுகளின் செல்களைக் கலந்துவிட்டால், அவை தத்தம் இனத்தைத் தேடிப் பிரிந்துகொள்கின்றன என்பதும் பின்னால் தெரிந்தது.

1955ல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் என்ற இருவர் தவளை இனத்துக் கருவை எடுத்து இதே மாதிரி பிரித்தார்கள். தோலாக வேண்டிய செல்களையும் நரம்பாக வேண்டிய செல்களையும் கலந்து வைத்தால், தோல் செல்கள் வெளியே வந்து போர்த்திக்கொள்கின்றன, நரம்புச் செல்கள் உள்ளே போய்விடுகின்றன. யாரும் இடம் காட்டவில்லை. எந்தச் செல்லுக்கு எதனோடு எவ்வளவு பிடிப்பு என்பதே இடத்தைத் தீர்மானிக்கிறது.

பிடிக்கிற கை எது என்று கண்டுபிடித்த கதை ஒரு சமையல் குறிப்புத் தகராறு போலவே இருக்கிறது. ஜப்பானில் க்யோட்டோவைச் சேர்ந்த மஸதோஷி டகேய்ச்சி என்பவர் 1970களில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆய்வகத்துக்குப் போனார். செல்களைப் பிரிப்பதற்கு ட்ரிப்ஸின் என்ற ஜீரணச் சாற்றைப் பயன்படுத்துவது வழக்கம். ஊரில் பிரித்த செல்கள் மறுபடியும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் பிரித்தவை ஒட்டவே இல்லை. கைப்பக்குவம் மாறவில்லை, என்ன ஆயிற்று? பார்த்தால், அந்த ஊர்க் கரைசலில் கால்சியத்தை உறிஞ்சி எடுத்துவிடுகிற ஒரு ரசாயனம் கலந்திருந்தது. கால்சியம் இருந்தால் ஒட்டுகிற புரதம் ஜீரணச் சாற்றுக்குத் தப்பிக்கிறது. இல்லாவிட்டால் துண்டு துண்டாகிவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போய் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்து, 1984ல் கேட்ஹெரின் என்று பெயர் வைத்தார்கள்.

கேட்ஹெரின் செல்லின் மேலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன இழை. கால்சியம் சேர்ந்தால் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக நிற்கும். கால்சியம் போனால் துவண்டுவிடும். விறைத்து நிற்கிற இரண்டு இழைகளின் நுனி ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்கிறது. ரவிக்கை ஹூக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு ஹூக்கை இழுத்தால் கழன்று வந்துவிடும். வரிசையாக இருந்தால் சுலபத்தில் விடாது. தாய் வயிற்றில் கரு தரித்து மூன்று நான்கு நாளில், எட்டுப் பத்துச் செல்லாக, திராட்சைக் கொத்துப்போல் இருக்கிற கரு திடீரென்று தன்னை இறுக்கிக்கொண்டு ஒரே உருண்டையாகிறது. அந்த இறுக்கமும் கேட்ஹெரினால் வருவதுதான். அம்மாவுக்கு நாள் தள்ளிப்போயிருப்பதுகூட அப்போது தெரியாது!

"அப்படின்னா நிறையப் பால் குடிச்சா செல்லெல்லாம் கெட்டியா ஒட்டிக்குமா?" என்று என் பெண் கேட்டாள். நீங்களும் கேட்பீர்கள். ரத்தத்தில் இருக்கிற கால்சியம் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்படி உடம்பு பார்த்துக்கொள்கிறது. சாப்பாட்டில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பாலும் கேழ்வரகும் கீரையும் எலும்புக்காக. செல்களின் பிடிப்பு அதனால் கூடவோ குறையவோ போவதில்லை.

இன்னொரு வேடிக்கை. சாதாரணமாக எந்த முடிச்சையும் இழுத்தால் தளரும் என்று நினைப்போம். இந்தப் பிடிப்பு ஓரளவு வரைக்கும் இழுக்க இழுக்க இறுகுகிறது. சுருக்கு முடிச்சு இறுகுமே, அப்படி. கேட்ஹெரினின் உள்பக்கத்து நுனி செல்லுக்குள் ஓடும் இழைகளோடு சேருகிற இடத்தில் இந்தக் குணம் இருப்பது 2014ல் சோதனையில் தெரிந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டாலும் குடல் கிழியாமல் விரிகிறதே, கர்ப்பத்தில் வயிற்றுத் தோல் அவ்வளவு இழுபட்டும் தாங்குகிறதே, இப்படிப்பட்ட பிடிகள் இல்லாமல் நடக்குமா?

சரி, விடுவது எப்போது? குழந்தை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருகிறதல்லவா, அப்போது காயத்தின் ஓரத்துச் செல்கள் பிடியைத் தளர்த்திக்கொண்டு, தட்டையாகி, நகர்ந்து வருகின்றன. எதிர்ப்பக்கத்துச் செல்களைத் தொட்டதும் நின்று மறுபடியும் பிடித்துக்கொள்கின்றன. மேலே இருக்கிற பொருக்கைப் பிய்த்தால் அடியில் நகர்ந்துகொண்டிருக்கிறவற்றையும் சேர்த்துப் பிய்க்கிறோம். "உரிக்காதேடா" என்று பாட்டி அதட்டுவது சரிதான்.

அதே காயத்துக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்களும் வந்தாக வேண்டும். ஓடுகிற ரத்தத்தில் அடித்துக்கொண்டு போகிற அணு, காயம்பட்ட இடம் வந்ததும் ரத்தக்குழாயின் சுவரை லேசாகத் தொட்டு உருளும். பிறகு வேறொரு வகைக் கையால் அழுத்தமாகப் பிடித்து நிற்கும். அப்புறம் சுவர்ச் செல்களுக்கு நடுவே நுழைந்து வெளியேறும். இந்த இரண்டாவது கை இல்லாமல் பிறக்கிற குழந்தைகள் மிக மிக அபூர்வமாக உண்டு. அவர்களை அடையாளம் காட்டுவது எது தெரியுமா? தொப்புள் கொடி! கொடி காய்ந்து விழுவதற்கு வெள்ளை அணுக்கள் அங்கே போய் அதைக் கழற்றிவிட வேண்டும். பிடிக்கத் தெரியாத அணு அங்கே போய்ச் சேருவதில்லை. கொடியும் விழுவதில்லை. 1979ல் இப்படிக் கொடி விழத் தாமதமாகி, திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று வந்த குழந்தைகளைப் பற்றி டாக்டர்கள் எழுதிய பிறகுதான் இது கவனத்துக்கு வந்தது.

பொதுவாக ஒன்று இரண்டு வாரத்தில் கொடி விழுந்துவிடும். இரண்டு நாள் முன்னே பின்னே ஆனால் பதற வேண்டாம். மூன்று வாரம் தாண்டியும் விழவில்லை என்றால், குறிப்பாகக் குழந்தைக்குக் காய்ச்சலோ, தொப்புளைச் சுற்றிச் சிவப்போ இருந்தால், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் சீக்கிரம் தெரிவது நல்லது. சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் கொடியில் தடவ வேண்டாம். சுத்தமாகவும் உலர்வாகவும் விட்டால் போதும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். தோல்.

நம் தோலின் செல்கள் ப்ரஸ் பட்டன் போட்டு மாட்டினாற்போல் ஒன்றோடொன்று மாட்டியிருக்கின்றன. தையற்காரர் பட்டனைத் துணியில் ஆழமாக நூல் கோத்துத் தைக்காவிட்டால் பட்டனோடு துணியும் கிழிந்து வந்துவிடும் அல்லவா? இங்கே அந்த நூல், செல்லுக்குள் ஓடுகிற கெராட்டின் இழை. நம் தலைமுடியும் நகமும் கெராட்டின்தான். பட்டன் பகுதி, கேட்ஹெரின் குடும்பத்தைச் சேர்ந்த டெஸ்மோக்ளீன் என்ற புரதம். அதில் ஒன்று, மூன்று என்று நம்பர் போட்ட வகைகள் உண்டு. மேல்தோலின் மேலடுக்கை முக்கியமாகப் பிடித்திருப்பது ஒன்று. வாயின் உள்பக்கத்தைப் பிடித்திருப்பது மூன்று. இந்த நம்பரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1878ல் ப்ராக் நகரத்தில் அநாதைக் குழந்தைகள் இல்லத்தைக் கவனித்து வந்த ரிட்டர் என்ற டாக்டர் ஒரு விசித்திரமான நோயைப் பற்றி எழுதினார். பச்சைக் குழந்தையின் உடம்பு சிவக்கிறது. தொட்டால் வீறிட்டு அழுகிறது. மெல்லத் தேய்த்தால்கூட மேல்தோல் வெந்நீர் கொட்டினாற்போல் சுருண்டு உரிந்து வந்துவிடுகிறது. ஏன் என்பது நூறு வருஷத்துக்கு மேல் முழுசாகப் புரியவில்லை. 2000ல்தான் தெரிந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி குழந்தையின் மூக்கிலோ கண்ணிலோ தொப்புளிலோ இருந்துகொண்டு ஒரு விஷத்தை ரத்தத்தில் விடுகிறது. அந்த விஷம் ஒரு கத்தரிக்கோல். அது வெட்டுவது ஒன்றாம் நம்பர் பட்டனை மட்டும். அதனால்தான் உடம்பெல்லாம் உரிந்தாலும் அந்தக் குழந்தைக்கு வாய்க்குள் புண் வராது. அங்கே மூன்றாம் நம்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. விஷத்தை வெளியே தள்ளுகிற சக்தி பிஞ்சுச் சிறுநீரகத்துக்குப் போதாது, எதிர்ப்பும் இன்னும் உண்டாகியிருக்காது. கழுத்து மடிப்பு, கக்கம், தொடை இடுக்கு இங்கெல்லாம் சிவந்து, வாயைச் சுற்றிப் பொருக்குத் தட்டி, குழந்தை தூக்கவே விடாமல் அழுதால், 'சூட்டுக் கொப்புளம்', 'அம்மை' என்று வேப்பிலை போட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. எண்ணெயும் மஞ்சளும் பூச வேண்டாம், குளிப்பாட்டித் தேய்க்க வேண்டாம். மெல்லிய பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப் போங்கள். கிருமியைக் கொல்லும் மருந்தும் திரவமும் உரிய நேரத்தில் ஏற்றினால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துத் தேறிவிடும். உரிவது மேலோட்டமான அடுக்கு என்பதால் வடுவும் பொதுவாக இருப்பதில்லை. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் குணமாகிற நோய் இது. தாமதம்தான் ஆபத்து.

மூன்றாம் நம்பருக்கு வருவது வேறு வினை. பெம்ஃபிகஸ் என்று பெயர். இது பெரியவர்களுக்கு வருவது, நடுவயதில் அதிகம். இங்கே வெளியிலிருந்து கிருமி வருவதில்லை. நம் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, பட்டனை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அந்தத் தாக்குதல் டெஸ்மோக்ளீன் மீதுதான் என்று 1991ல் நிரூபித்தார்கள். பெரும்பாலும் வாய்ப்புண்ணாக ஆரம்பிக்கும். உடம்புச் சூடு, வைட்டமின் குறைவு என்று மாதக்கணக்கில் மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிடுவோம். பிறகு உடம்பில் தொளதொளவென்று கொப்புளம் எழும்பி, உடைந்து, ஆறாமல் நிற்கும். ஸ்டீராய்டு மருந்து வருவதற்கு முன்னால் இது அநேகமாக உயிரைக் குடிக்கிற வியாதி. 1980களில் டில்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா மாதாமாதம் மூன்று நாள் மருந்து ஏற்றும் ஒரு முறையைக் கொண்டுவந்தார். நம் நாட்டில் ஏராளமானவர்கள் அதனால் பிழைத்தார்கள். இப்போது அதற்கும் மேலான மருந்துகள் உண்டு. நான் சொல்வது இவ்வளவுதான். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணைத் தோல் டாக்டரிடமோ பல் டாக்டரிடமோ காட்டுங்கள். இது தொற்றுவியாதி இல்லை. பெம்ஃபிகஸ் வந்த பெண்ணுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கிற வீடு எதுவாயிருந்தாலும் அது வெட்கப்பட வேண்டிய விஷயம். மருந்து எடுப்பவர்கள், உடம்பு தேறிவிட்டது என்று ஸ்டீராய்டைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. அது பெரிய ஆபத்து.

இன்னும் ஒன்று, இது நமக்கு. மார்பகப் புற்றுநோய் என்றால் 'கட்டி' என்றுதான் நம் மனசில் பதிந்திருக்கிறது. கையால் தடவிப் பார்த்தோம், கட்டி இல்லை, நிம்மதி. ஆனால் லோபுலர் என்று ஒரு வகை இருக்கிறது. மற்றதைவிடக் குறைவாக வருவது. அதில் செல்கள் கேட்ஹெரினை இழந்துவிடுகின்றன. பிடித்துக்கொள்ளக் கை இல்லாததால் அவை உருண்டையாகச் சேர்வதில்லை. எறும்பு போவதுபோல் ஒற்றை வரிசையில் சதைக்குள் ஊர்ந்து போகின்றன. கட்டி எங்கிருந்து தட்டுப்படும்? ஒரு பக்கம் மட்டும் தடித்தாற்போல் இருப்பது, அளவு மாறுவது, தோல் குழிவது, காம்பு உள்ளே இழுப்பது, இவைதான் அடையாளம். மாமோகிராம் படத்திலும் சில சமயம் சரியாகத் தெரியாது. அதனால் "கட்டி இல்லையே" என்று வீட்டில் சொன்னாலும், மாற்றம் உங்களுக்குத் தெரிகிறது என்றால் டாக்டரிடம் போய், "படத்துல ஒண்ணும் இல்லைன்னாலும் இந்தப் பக்கம் வித்தியாசமா இருக்கு டாக்டர், ஸ்கேன் பண்ணிப் பாருங்க" என்று கூசாமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் இதற்கும் நல்ல வைத்தியம் இருக்கிறது.

பருப்புக்கு வருகிறேன். அத்தையின் சோடா உப்பை இப்போது நான் போடுவதில்லை. பருப்பிலுள்ள பி1 வைட்டமினை அது அழித்துவிடுகிறது, ருசியும் கொஞ்சம் சோப்பு அடிக்கிறது. கிணற்றுத் தண்ணீரை முதல்நாள் ராத்திரி நன்றாகக் கொதிக்கவைத்து மூடிவிடுகிறேன். காலையில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு படிந்திருக்கும். அதுதான் கழிந்த கால்சியம். எல்லாக் கிணற்றுத் தண்ணீரும் இதற்கு மசியாது. எங்கள் கிணறு மசிந்தது. மேல் தண்ணீரை அலுங்காமல் எடுத்து அதில் பருப்பை ஊறப்போட்டு, அதிலேயே வேகவிடுகிறேன். புளி கடைசியில்தான். நாலு விசிலில் மசிகிறது. போன வாரம் அத்தை கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "சோடா உப்பு போட்டியாம்மா?" என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.